முப்பது டிகிரிக்குக் கீழே

கொலராடோவில் அக்டோபர் கடைசியில் முதல் பனி விழுந்தால் ஊரே உற்சாகமாகிவிடும். ஸ்கீ பலகைக்கு மெழுகு போடக் கடையில் வரிசை நிற்கும். எனக்கு அந்த முதல் பனியைப் பார்த்தால் கவலைதான் வரும். முக்கால் அடி பெய்துவிட்டு, பிறகு மூன்று நான்கு வாரம் ஒரு மேகம்கூட எட்டிப் பார்க்காமல் வானம் தெளிந்து கிடந்தால் கவலை இன்னும் கூடும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஆளைக் கொல்லப்போவது அந்த அக்டோபர் பனிதான். அதன்மேல் ஐந்தடி புதுப்பனி மூடியபின் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. டென்வரைச் சுற்றி வேலைக்கு வந்திருக்கும் நம் பிள்ளைகள் பலர் இப்போது ஸ்கீ மையங்களோடு நிற்பதில்லை. வாடகைக்கு ஸ்நோஷூ எடுத்துக்கொண்டோ, ஸ்கீக்கு அடியில் ஒட்டும் ஸ்கின் வாங்கிக்கொண்டோ லவ்லேண்ட் கணவாய், பெர்தட் கணவாய்ப் பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். “அண்ணா, இந்த வாரம் எங்க போகலாம்? பனி எப்படி இருக்கு?” என்று வெள்ளிக்கிழமை இரவு செய்தி வரும். கேட்பது நல்லதுதான். ஆனால் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதி அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

ஸ்கீ மையத்துக்குள் இருக்கும் மலையும் வெளியே இருக்கும் மலையும் பார்வைக்கு ஒன்றுதான். உள்ளே, விடிகிற நேரத்திலேயே ரோந்துக் குழு போய் வெடி வைத்து, சரிய வேண்டியதைச் சரித்துவிட்டுத்தான் நம்மை ஏறவிடுகிறது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் சறுக்குவதால் அங்கே அடிப்பனி நசுங்கி இறுகியும் போகிறது. எல்லைக் கயிற்றைத் தாண்டினால் இந்த இரண்டுமே கிடையாது. பேக்கன்ட்ரி என்று இங்கே சொல்வது அந்த வெளியைத்தான். அங்கே அந்தப் பனியின்மேல் முதன்முதலில் பாரம் வைக்கும் ஆள் நாமாகவே இருக்கலாம். பனிச்சரிவில் மாட்டியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களே, இல்லை அவர்களோடு வந்தவர்களே. இதைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். எனக்கு இதில் ஒரு நிம்மதி இருக்கிறது. எந்தச் சரிவில் கால் வைப்பது என்ற முடிவு நம் கையில் இருக்கிறது என்றுதானே இதற்குப் பொருள்.

அடியில் கிடக்கும் பழைய பனிக்கு என்ன ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி பாடம் முடிந்தது.

குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய பூஜ்யம் டிகிரி செல்சியஸிலேயே இருக்கும். கோடையில் மண் வாங்கிய சூடு, மேலே பனி மூடியிருப்பதால் எளிதில் வெளியேறாது. மேலே காற்றோ, தெளிந்த இரவுகளில் மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கும். இப்போது கணக்குப் போடுங்கள். பனி அரை மீட்டர்தான் என்றால் அந்த அரை மீட்டருக்குள் 20 டிகிரி வித்தியாசம். அதாவது மீட்டருக்கு 40 டிகிரி. பனி மூன்று மீட்டர் இருந்தால் அதே 20 டிகிரி பரந்து போய், மீட்டருக்கு ஏழு டிகிரிகூட வராது. பனியை ஆராய்கிறவர்கள் வைத்திருக்கும் எல்லை மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி. அதற்குக் கீழே இருந்தால் பனித்துகள்கள் கூர் மழுங்கி, உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, நாளாக நாளாகப் பலப்படும். அதைத் தாண்டினால் எல்லாம் தலைகீழ். அடியில் இருக்கும் துகளிலிருந்து நீராவி கிளம்பி, மேலே குளிர்ந்த துகளில் படியும். படியப் படியப் பட்டையும் விளிம்புமாகப் படிகங்கள் பெரிதாகும். முற்றினால் உட்புறம் குழிந்து கிண்ணம் கிண்ணமாக நிற்கும். துகளுக்கும் துகளுக்கும் இடையே இருந்த பிடிப்பு போய்விடும். இதைச் சர்க்கரைப் பனி என்கிறார்கள் இங்கே. கையில் அள்ளினால் வறுத்த ரவை மாதிரி விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். உருண்டை பிடிக்கவே வராது.

ஆகப் பனி குறைவாக இருப்பதுதான் இங்கே நோய்க்கு மூலம். “இந்த வருஷம் பனியே இல்லையே, பனிச்சரிவு எங்கிருந்து வரும்?” என்று கேட்கிறார்கள் அல்லவா? குறைந்த பனி, தெளிந்த வானம், நீண்ட இரவு மூன்றும் சேர்ந்தால் அடித்தளம் முழுக்கச் சர்க்கரைதான். கூரை எவ்வளவு கனமாக விழுந்தாலும் அதைத் தாங்குவது அந்தச் சர்க்கரை.

சியாட்டில் பக்கமிருந்து மாற்றலாகி இங்கே வந்த நண்பர்களுக்கு இது பிடிபடச் சற்று நேரமாகிறது. கடலோரத்துக் கேஸ்கேட் மலைகளில் பனி ஆழம், குளிர் மிதம். அங்கே புயல் ஓய்ந்து இரண்டு நாள் பொறுத்தால் பெரும்பாலும் பனி இறங்கி ஒட்டிவிடும். அங்கே ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் மிகக் கொடிய பனிச்சரிவே அங்கேதான்: 1910 மார்ச் 1ஆம் தேதி அதிகாலை, வெலிங்டன் என்ற சிற்றூரில் நின்றிருந்த ரயில்களை அடித்துக்கொண்டு போய் 96 பேரைக் கொன்றது. ஆனால் அது புயலோடு வந்த ஆபத்து. அந்த வகை ஆபத்து புயலோடு வரும், புயல் போன சில நாளில் தணியும். கொலராடோ மலைகள் நிலத்தின் நடுவில், பத்தாயிரம் அடிக்கு மேல், வறண்ட குளிரில் இருக்கின்றன. இங்கே சர்க்கரைப் பனி வாரக்கணக்கில், சில வருடங்களில் மாதக்கணக்கில் அப்படியே உயிரோடு கிடக்கும். இரண்டு நாள் பொறுத்தால் போதும் என்ற பழக்கத்தோடு வருகிறவர்களை இந்த மலை மன்னிப்பதில்லை.

எந்தப் பக்கம் மோசம்? வடக்கு, வடகிழக்கு பார்த்த சரிவுகள். அக்டோபர் பனி தெற்குப் பக்கத்தில் வெயில் பட்டு உருகி ஓடிவிடும். வடக்கு நிழலில் தங்கிவிடும். அதோடு இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கிறது. மேற்குச் சரிவில் கிடக்கும் பனியைச் சுரண்டி எடுத்து, முகட்டைத் தாண்டிக் கிழக்குப் பக்கத்தில் கொட்டும். வானத்திலிருந்து விழுவதைவிடப் பல மடங்கு வேகமாகக் காற்று பனியைக் குவிக்கும். வானிலை அறிக்கையில் பனிப்பொழிவு பூஜ்யம் என்று போட்டிருக்கும் நாளில்கூட ஒரு சரிவின்மேல் இரண்டடி ஏறியிருக்கக்கூடும். முகட்டில் வெள்ளைப் புகை பறப்பது தெரிந்தால் அந்த மறுபக்கத்தை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

இப்போது பனி உடையும் விதத்துக்கு வருகிறேன். சினிமாவில் காட்டுவதுபோல உச்சியிலிருந்து பனி உருண்டு உருண்டு பெரிதாவது கிடையாது. ஆளைக் கொல்வது பாளமாகப் பெயரும் பனி. மேலே இறுகி ஒட்டிய கனமான பாளம், அடியில் சர்க்கரை. நாம் பாளத்தின் நடுவில் நிற்கும்போது நம் எடை அடியிலிருக்கும் படிகங்களில் சிலவற்றை நொறுக்கும். நொறுங்கிய இடத்தில் பாளம் துளி கீழே இறங்கும். அந்த இறக்கம் பக்கத்துப் படிகங்களை நொறுக்கும், அது அதற்கடுத்ததை. கண் இமைக்கும் நேரத்துக்குள் அந்த முறிவு சரிவு முழுக்க ஓடிவிடும். பிறகுதான் பாளம் நகர ஆரம்பிக்கும். அப்போது உடைந்த விளிம்பு நமக்கு மேலே, நூறு அடியோ இருநூறு அடியோ தள்ளி இருக்கும். நாம் ஏற்கெனவே நகரும் பாளத்தின்மேல் நிற்கிறோம். பெரிய பாளம் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைச் சில நொடிகளில் தொட்டுவிடும். சறுக்கித் தப்பிவிடலாம் என்று நினைக்கவே கூடாது.

சமதரையில் நடந்துகொண்டிருக்கும்போதுகூட இந்த முறிவைக் கேட்கலாம். ‘வும்ப்’ என்று காலடியில் ஒரு சத்தம். பனி லேசாக இறங்கும். சில நேரம் பக்கத்து மரம் ஆடி, கிளையில் இருக்கும் பனி உதிரும். முதன்முறை கேட்டவர்கள் ஏதோ அதிசயம் போல ரசிப்பதைப் பார்த்திருக்கிறேன். மலை நம்மிடம் நேரடியாகச் சொல்லும் எச்சரிக்கை அதைவிடத் தெளிவாக வேறொன்று கிடையாது. அந்தச் சத்தம் கேட்டால், காலுக்கு அடியில் ஓடிய முறிவு மேலே இருக்கும் செங்குத்துச் சரிவு வரை போய் அதை இழுத்துவிடவும் முடியும்.

முடியும் என்று ஊகமாகச் சொல்லவில்லை. 2013 ஏப்ரல் 20, சனிக்கிழமை. லவ்லேண்ட் கணவாய்க்குப் பக்கத்தில் ஷீப் கிரீக் என்ற ஓடைப் பள்ளத்தாக்கு. ஆறு பேர் போனார்கள். பனிமலையில் பழகியவர்கள். புதைந்தவரைத் தேடும் பீக்கன், பனியை வெட்டும் ஷவல், குத்திப் பார்க்கும் ப்ரோப் கம்பி எல்லாம் இருந்தன. அன்றைய பனிச்சரிவு அறிக்கையையும் படித்திருந்தார்கள். அடியாழத்தில் பலவீனமான அடுக்கு இருக்கிறது, வடக்குச் சரிவுகள் ஆபத்து என்று அதில் இருந்தது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் சறுக்குவதற்குப் பாதுகாப்பான வேறொரு சரிவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அங்கே போய்ச் சேர, ஒரு வடக்குச் சரிவின் அடிவாரத்தைக் கடக்க வேண்டியிருந்தது. இடைவெளி விட்டு, வேகமாகக் கடந்துவிடலாம் என்று முடிவு. கடக்கும்போது அடியில் பனி இறங்கியது. மேலே சரிவு முழுக்கத் தரை வரை பெயர்ந்து வந்தது. ஆறு பேரும் சிக்கினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். ஆறாவது ஆள் பகுதி புதைந்து, அசைய முடியாமல், மீட்புக் குழு வரும்வரை மணிக்கணக்காகக் கிடந்து பிழைத்தார். கொலராடோவில் 1962க்குப் பிறகு ஒரே பனிச்சரிவில் அத்தனை பேர் இறந்ததில்லை.

அந்த விபத்தைப் பற்றிக் கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் வெளியிட்ட விவரமான அறிக்கையைப் படித்துப் பாருங்கள். அந்த ஆறு பேரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் செய்யாதது ஒன்று மட்டும்தான்: மேலே இருக்கும் சரிவின் அடிவாரமும் அந்தச் சரிவைச் சேர்ந்ததுதான் என்று வைத்து, அதை முற்றாக விட்டு விலகிப் போகவில்லை. அன்றைக்கு அந்த இடத்தில் வேறு யார் நின்றிருந்தாலும் அதே முடிவைத்தான் எடுத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. அந்த நினைப்புதான் என்னை உலுக்குகிறது.

ஏப்ரல் 20 என்ற தேதியையும் கவனியுங்கள். குளிர்காலத் தொடக்கத்தில் பிறந்த பலவீனம், வசந்தத்தில் விழுந்த கனமான பனி ஏறியதும் விழித்துக்கொண்டது.

இத்தனையும் சொல்லிவிட்டு, பனியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்குள்ள ஒரே உறுதியான நம்பிக்கை இதுதான்: பனியை நம்மால் முழுதாகப் படிக்க முடியாது, சரிவின் கோணத்தைப் படிக்க முடியும். பாளம் பெயர்ந்து ஓடச் சரிவு ஏறக்குறைய 30 டிகிரியாவது இருக்க வேண்டும். பெரும்பாலான சாவுகள் 30க்கும் 45க்கும் இடையில் இருக்கும் சரிவுகளில் நடக்கின்றன. அதிலும் 38ஐ ஒட்டித்தான் மிகுதி. 45க்கு மேல் செங்குத்தாகப் போகப் போகப் பனி தங்காமல் அவ்வப்போது தானே உதிர்ந்துவிடும். 30க்குக் கீழே, தனக்கு மேலேயோ பக்கத்திலேயோ செங்குத்துச் சரிவு தொடாமல் இருந்தால், அடியில் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் பாளம் நகர்வது மிக அரிது. முறியும், ‘வும்ப்’ என்னும், அங்கேயே உட்கார்ந்துவிடும்.

துயரம் என்னவென்றால், சறுக்குவதற்கு மிக இன்பமான கோணமும் அதே 35, 38தான். ஸ்கீ மையத்தில் கறுப்பு வைரக் குறி போட்ட பல பாதைகள் அந்த வரம்பில் வருகின்றன. நன்றாக ஸ்கீ போடத் தெரிந்தவர் இயல்பாகவே தேடிப் போகும் இடம் மலை அதிகம் கொல்லும் இடமாக அமைந்துவிட்டது. ஆனால் 25 டிகிரியில், முழங்கால் அளவு தூள் பனியில், ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே இறங்கிப் பாருங்கள். அதற்கு என்ன குறை? டிசம்பரிலிருந்து மார்ச் வரை எங்கள் குழு அப்படித்தான் போகிறது. குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், லெட்வில் பக்கத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். அவர் ஒன்று செய்வார்: இரவே வரைபடத்தில் பாதையைக் கோடு போட்டு அனுப்புவார், காலையில் மலையில் நின்றுகொண்டு யார் என்ன சொன்னாலும் அந்தக் கோட்டை மென்மையான பக்கத்துக்கு மட்டும்தான் மாற்றுவார், செங்குத்தான பக்கத்துக்கு ஒருபோதும் மாற்றமாட்டார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

கோணத்தை அறிவது இப்போது எளிது. கால்டோப்போ, கையா, ஆன்எக்ஸ் போன்ற வரைபடச் செயலிகளில் சரிவுக்கோண நிறம் என்று ஓர் அடுக்கு உண்டு. 30ஐத் தொட்டால் ஆரஞ்சு, 35ஐத் தாண்டினால் சிவப்பு என்கிற மாதிரி நிறம் ஏறிக்கொண்டே போகும். உங்கள் பாதை நிறத்தைத் தொடக்கூடாது. நிறத்துக்கு நேர் கீழேயும் போகக்கூடாது. ஒரு எச்சரிக்கை: அந்த நிறம் தூரத் தூரமாக எடுத்த உயர அளவுகளிலிருந்து வருவது. இருபது முப்பது அடி உயரமுள்ள சின்ன மேடு, ஓடைக்கரைச் சரிவு இதெல்லாம் அதில் விழாமல் போகும். ஆளைப் புதைக்க அந்தச் சின்ன மேடு போதும். ஆகவே இடத்துக்குப் போனதும் ஸ்கீ கோலைச் சரிவின்மேல் கிடத்தி, அதன்மேல் சரிவுமானியை வைத்து அளந்து பாருங்கள். கைபேசியிலேயே அந்த வசதி இருக்கிறது. கண்ணை நம்பாதீர்கள், மேலே நின்று பார்த்தால் ஒன்று தெரியும், கீழே நின்று பார்த்தால் வேறொன்று தெரியும்.

தகவல் மையத்தின் அறிக்கையைத் தினமும் படியுங்கள், மலைக்குப் போகாத நாளிலும். அக்டோபரிலிருந்து படித்து வந்தவருக்கு ஜனவரி அறிக்கை தொடர்கதையின் அடுத்த அத்தியாயம். திடீரென்று படிப்பவருக்கு வெறும் எண். ஐந்து நிலைகள்: 1 குறைவு, 2 மிதம், 3 கணிசம், 4 அதிகம், 5 உச்சம். மூன்று நடுவில் இருப்பதால் அதை ‘பரவாயில்லை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். தவறு. மூன்று என்றால் ஆள் காலடி பட்டுச் சரிவு பெயர வாய்ப்பு அதிகம் என்று பொருள். நிலைகளுக்கு இடையே ஆபத்து சம அளவில் ஏறுவதில்லை. ஒவ்வொரு படியிலும் பெருகிக்கொண்டு போகும். இறப்புகளில் பெரும்பங்கு நடப்பது மூன்றாம் நிலையில்தான். நான்கிலும் ஐந்திலும் மக்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றில் வானம் நீலமாக இருக்கும், பனி புதிதாக இருக்கும், விடுமுறையும் சேர்ந்திருக்கும்.

எண்ணைவிட எனக்கு முக்கியம் அறிக்கையில் எழுதியிருக்கும் பிரச்சினையின் பெயர். காற்றுப் பாளம் என்றிருந்தால் எங்கே குவிந்திருக்கிறது என்று கண்ணால் ஓரளவு கண்டுபிடித்து விலகலாம். நீடித்த பாளம், ஆழ்ந்த நீடித்த பாளம் என்றிருந்தால், அதாவது அடியில் சர்க்கரை நீடிக்கிறது என்றால், கண்ணுக்கு எந்தத் தடயமும் கிடைக்காது. பத்துப் பேர் அந்தச் சரிவில் இறங்கித் தடம் போட்டிருப்பார்கள், பதினோராவது ஆள் பாறைக்குப் பக்கத்தில் பாளம் மெலிந்த ஒரே ஒரு இடத்தில் கால் வைப்பார், எல்லாம் போய்விடும். முன்னால் போனவரின் தடம் இந்தப் பிரச்சினையில் சாட்சி ஆகாது.

2020–21 குளிர்காலத்தை நினைத்துப் பாருங்கள். இலையுதிர் காலத்தில் வறட்சி, அக்டோபரில் விழுந்த பனி மெலிந்து சர்க்கரையானது, அதற்குமேல் ஜனவரிக் கடைசியில் கனத்த பனி. அதை அடுத்த ஒரு வாரத்தில் மட்டும் அமெரிக்கா முழுக்க 15 பேர் இறந்தார்கள். சில்வர்டனுக்கும் ஓஃபிருக்கும் நடுவே ஒரே சரிவில் மூன்று பேர். யூட்டாவில், சால்ட் லேக் சிட்டிக்குப் பக்கத்து மில்கிரீக்கில் நான்கு பேர். சீசன் முடியும்போது நாடு முழுக்க 37, கொலராடோவில் 12.

குழி தோண்டிப் பார்ப்பது பற்றியும் கேட்கிறார்கள். பனியில் ஒரு ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, சுவரில் அடுக்குகளைப் பார்த்து, 90 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு தூணைத் தனியாக அறுத்து, அதன் ஒரு ஓரத்தில் ஷவலை வைத்துத் தட்டுவார்கள். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எந்தத் தட்டில் முறிகிறது, முறிவு மறு ஓரம் வரை ஓடுகிறதா என்று பார்ப்பது. கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. சர்க்கரைப் பனியைக் கையால் தொட்டுப் பார்த்தவருக்கு அதன்பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குழி சொல்வது அந்த ஒரு இடத்தின் செய்தி. ஐம்பது அடி தள்ளி நிலவரம் வேறாக இருக்கும். ஆகவே குழி ‘வேண்டாம்’ என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ‘போ’ என்று சொன்னால் அந்தப் பேச்சை எடுத்துக்கொள்வதில்லை.

மனிதர்கள் விஷயம் பனியைவிடக் கடினம். அமெரிக்காவில் நடந்த எழுநூறுக்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை எடுத்து இயன் மக்கேமன் என்பவர் ஆராய்ந்திருக்கிறார். பயிற்சி பெற்றவர்கள்கூடப் பழகிய சரிவுக்கு வந்தவுடன் பயிற்சி இல்லாதவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள் என்பது அதில் முக்கியமான ஒன்று. நம் ஆட்களிடம் நான் பார்ப்பது இன்னொன்று: குழுவில் வயதில் மூத்தவர், ஸ்கீ நன்றாகப் போடுபவர் ஒருவர் முன்னால் போனால், பின்னால் வருகிறவர்கள் மனதில் சந்தேகம் இருந்தாலும் வாய் திறக்கமாட்டார்கள். மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்குகிறார்கள். தம்பி, தங்கச்சி, தயவுசெய்து கேளுங்கள். மலையில் “அண்ணா, எனக்கு இது சரியாப் படலை” என்று கடைசியாகச் சேர்ந்த ஆள் சொன்னாலும் குழு திரும்பிவிட வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. இந்த ஒப்பந்தத்தை வண்டியிலிருந்து இறங்கும்போதே பேசி முடித்துவிடுங்கள்.

கருவிகள் பற்றிச் சுருக்கமாக. 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் பீக்கன் உடம்பில், ப்ரோப் கம்பியும் உலோக ஷவலும் பையில். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பயனில்லை. கைபேசி பீக்கனைக் குழப்பும். சாதாரணமாகப் போகும்போது 20 சென்டிமீட்டர் தள்ளியும், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளியும் வையுங்கள். காற்றுப்பை உள்ள முதுகுப்பை வாங்க முடிந்தால் வாங்குங்கள்; இறப்பு விகிதத்தை 22 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைத்ததாக ஓர் ஆய்வு சொல்கிறது. ஆனால் முழுதாகப் புதைந்தவரின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தில் நாற்பது ஆண்டுத் தரவுகளை வைத்துப் பார்த்ததில், பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்தார்கள். அரை மணி ஆகும்போது மூன்றில் ஒருவர்தான். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை வெட்டிப் போட வேண்டும். ஓடி நின்ற பனி அத்தனை இறுகிவிடுகிறது. அதோடு மரத்திலும் பாறையிலும் மோதி இறப்பவர்களுக்குப் பீக்கனால் எந்த உதவியும் இல்லை. கனடா ஆய்வொன்றில் நான்கில் ஒருவர் அளவுக்கு அப்படி இறந்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது சியாச்சினை நினைவுபடுத்துகிறார்கள். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சோனம் நிலையில் பனிச்சரிவில் புதைந்த 19ஆம் மெட்ராஸ் படைப்பிரிவினர் பத்துப் பேரை நம்மில் யார் மறப்போம்? அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து ஒருவர் உயிரோடு எடுக்கப்பட்டார். பிறகு டெல்லி மருத்துவமனையில் இறந்தார். “ஆறு நாள் தாங்கினாரே” என்பார்கள். அவர் தங்குமிடத்துக்குள் இருந்தார். சுற்றிக் காற்று நிற்க இடம் இருந்தது. திறந்த சரிவில் சிக்கும் நமக்கு மூக்குக்கு முன்னால் அந்த இடம் கிடைக்காது. நம் கணக்கு நிமிடங்களில்.

ஸ்நோஷூ போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. “நாங்க ஸ்கீ போடறதில்லையே, கீழ பாதையிலதானே நடக்கறோம்” என்கிறீர்கள். ஷீப் கிரீக்கை மறுபடி படியுங்கள். பாதை சமதளமாக இருப்பதில் பாதுகாப்பு இல்லை. அதன் தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்பதுதான் கேள்வி. நடக்கும்போது காட்டைப் பாருங்கள். அடர்ந்த காட்டின் நடுவே மேலிருந்து கீழ் வரை மரமில்லாத பட்டை ஒன்று இறங்கினால் அது பனிச்சரிவு ஓடும் வழி. மரங்களில் மலையின் மேல்பக்கம் பார்த்த கிளைகள் மட்டும் முறிந்து, கீழ்ப்பக்கம் பார்த்த கிளைகள் இருந்தால் அங்கே பனி ஓடியிருக்கிறது. ஒரே உயரத்தில் இளம் மரங்களாக நின்றாலும் அப்படியே. அந்த இடங்களில் புகைப்படம் எடுக்க நிற்காதீர்கள், டிபன் டப்பாவைத் திறக்காதீர்கள். ஒவ்வொருவராகக் கடந்து போங்கள்; முடிந்தால் வேறு பாதை எடுங்கள்.

அப்படியென்றால் செங்குத்துச் சரிவே கூடாதா என்றால், அதற்கும் காலம் வரும். மே மாதத்தில் பகலில் உருகி இரவில் உறைந்து, மறுபடி உருகி மறுபடி உறைந்து, அடிச்சர்க்கரை முழுக்க நனைந்து ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். நனையத் தொடங்கும் முதல் சில நாட்கள் மிக மோசம். அந்த வாரம் மலைப்பக்கமே போகாதீர்கள். இரவில் நன்றாக உறைகிறது என்று தெரிந்தபின், அதிகாலை நான்கு மணிக்குத் தலைவிளக்கோடு ஏறி, மேற்பரப்பு ஓர் அங்குலம் இளகும் நேரத்தில் இறங்கி, பதினோரு மணிக்குள் வண்டிக்கு வந்துவிட வேண்டும். கணுக்கால் வரை கால் புதைய ஆரம்பித்தால் நேரம் கடந்துவிட்டது.

இந்தச் சனிக்கிழமை நாங்கள் பெர்தட் பக்கம் போகிறோம். பாதை முழுவதும் 25 டிகிரிக்குள், மரங்களுக்குள். வர விரும்புகிறவர்கள் வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள். பீக்கன் இல்லாதவர்கள் டென்வரில் வாடகைக்கு எடுத்துவிடுங்கள், பேட்டரி புதிதாக. வண்டி நிறுத்தும் இடத்திலேயே முதல் ஒரு மணி நேரம் பீக்கன் தேடும் பயிற்சியும் ஷவல் பயிற்சியும். அதற்குப் பிறகுதான் நடை. குழந்தைகளைக் கூட்டி வருகிறவர்கள் முன்கூட்டிச் சொன்னால், அவர்களுக்கு வேறு ஓர் இடம் பார்த்து வைக்கிறேன்.